சோதென் கையொப்பத்துடன் ஓர் இரும்பு ட்சுபா: எதை நம்புவது?

கேள்வி: கீழ்வானம்

ஜப்பானிய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே பொருத்தப்படும் காப்புத் தகட்டைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறார்கள் என்பதால் இந்தக் கேள்வியை எழுதுகிறேன். ஜப்பானியர் அதை ட்சுபா என்கிறார்கள். சுனாமியின் முதல் ஒலியேதான் இதற்கும். ஆனால் 'சுபா' என்று எழுதினால் யாரோ ஒரு பெண்ணைப் பற்றி விசாரிப்பது போலாகிவிடும் என்பதால் ட்சுபா என்றே எழுதிவிடுகிறேன்.

கியோத்தோவில் தோஜி கோயில் வளாகத்தில் மாதந்தோறும் 21ஆம் தேதி கூடும் சந்தையில், பழைய கிமோனோத் துணிகளுக்கும் பீங்கான் கிண்ணங்களுக்கும் நடுவே கடை விரித்திருந்த ஒருவரின் தகரப் பெட்டியில் இதைக் கண்டேன். 42,000 யென் சொன்னார். கொஞ்ச நேரம் பேசியபின் 35,000 யென்னுக்குக் கொடுத்தார். 'எடோ காலம், உறுதியாக எடோ காலம்' என்று (அதாவது 1603 முதல் 1868 வரை ஷோகன்கள் ஆண்ட காலம்) இரண்டு முறை சொன்னாரே தவிர, வேறு விவரம் எதுவும் அவரிடமிருந்து கிடைக்கவில்லை.

உயரம் 7.6 செ.மீ., அகலம் 7.2 செ.மீ., விளிம்பில் தடிமன் ஏறத்தாழ 4.5 மி.மீ. இரும்புத் தகட்டின் பெரும்பகுதி ஊடுருவச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பைன் மரம், அதனடியில் இரண்டு கிழவர்கள், ஒருவர் கையில் ஊன்றுகோல், மறுபுறத்தில் ஓர் அருவி. ஊசியிலைக் கொத்துகளிலும் ஆடைகளின் ஓரங்களிலும் தங்கம் மினுக்குகிறது. ஊன்றுகோல் பிடித்தவரின் முகம் வெள்ளியால் ஆனது போல் வெளிறித் தெரிகிறது. மற்றவருக்கு முகமே இல்லை, அந்த இடத்தில் ஒரு சிறு குழி மட்டும் இருக்கிறது. நடுத்துளையின் இருபுறமும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. உடன் வேலை பார்க்கும் ஜப்பானிய நண்பர் ஒருவர், 'கோஷூ ஹிகோனே ஜூ' என்றும் 'சோஹெய்ஷி ந்யூதோ சோதென் செய்' என்றும் அவற்றைப் படித்துச் சொன்னார். இணையத்தில் தேடினால் இதே எழுத்துகள் கொண்ட ட்சுபாக்கள் ஏராளமாக வருகின்றன. அத்தனை கிடைப்பதே எனக்கு ஐயத்தை உண்டாக்குகிறது.

இது கையால் செய்ததா, அச்சில் வார்த்ததா என்பதை எப்படிக் கண்டறிவது? கையொப்பத்தை நம்பலாமா? விளிம்பின் கீழ்ப்பகுதியில் செந்நிறத் துரு தெரிகிறது. அதை நீக்கலாமா, அப்படியே விடவேண்டுமா? தோக்கியோவில் உள்ள வாள் சங்கத்துக்கு மதிப்பீட்டுக்கு அனுப்புவது பயன் தருமா? படம் நாளை இணைக்கிறேன். அதற்குள் நானே எதையெதைப் பார்த்துவைக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1: உலைக்கூடம்

படம் வருவதற்கு முன்பே சிலவற்றைச் சொல்லிவிடலாம். ஏனென்றால் நீங்கள் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் படத்தில் தெரியாதவை.

முதலில் அந்தப் பொறிப்பு. கோஷூ என்பது பிவா ஏரியைச் சூழ்ந்த ஓமி நாட்டின் மற்றொரு பெயர். இன்றைய ஷிகா மாநிலம். ஹிகோனே அந்த ஏரிக்கரையில் ஈ குடும்பத்தார் ஆண்ட கோட்டை நகரம். 1860இல் எடோ கோட்டையின் சகுராதா வாயிலருகே வெட்டிக் கொல்லப்பட்ட, ஷோகன் அரசின் தலைமை அமைச்சர் ஈ நாவோசுகே அந்தக் குடும்பத்தவர்தான். ஜூ என்றால் அங்கு வாழ்பவர்; ந்யூதோ என்றால் துறவு பூண்டவர். ஆக, 'ஓமி நாட்டு ஹிகோனேயில் வாழும், துறவு பூண்ட சோஹெய்ஷி சோதென் செய்தது' என்று பொருள். கடைசி எழுத்தின் ஒலி 'செய்', அதன் பொருளும் செய்தல் என்பது நம் காதுக்கு இனிமையாக இருக்கும். ஆனால் அது சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பு, எனவே அதை வைத்து உறவு கொண்டாடக் கிளம்பிவிட வேண்டாம்.

சோதென் என்ற பெயரில் தந்தைக்குப் பின் மகனுமாக எடோ காலத்தின் நடுப்பகுதியில் வேலை செய்திருக்கிறார்கள். இரும்பில் ஊடுருவச் செதுக்கிய உருவங்கள், சீனத்து முனிவர்கள், பழைய போர்க் காட்சிகள், அவற்றின்மேல் தங்கமும் வெள்ளியும் செம்பும் பதித்த முகங்களும் ஆடைகளும் என்று அவர்களுடைய பாணி பெரும் வரவேற்பைப் பெற்றது. வரவேற்பைப் பெற்றதெல்லாம் பின்பற்றப்பட்டது. மாணவர்கள் செய்தார்கள், மாணவர்களின் மாணவர்கள் செய்தார்கள், ஹிகோனேயைக் கண்ணால் பார்த்திராத அய்சு நாட்டுக் கைவினைஞர்களும் அதே பாணியில் செய்து அதே கையொப்பத்தை இட்டார்கள். எனவேதான் அந்தப் பாணி முழுவதையும் 'ஹிகோனே-போரி', அதாவது ஹிகோனேச் செதுக்கு, என்று பொதுப்பெயரால் அழைப்பது வழக்கமாயிற்று. நீங்கள் இணையத்தில் கண்ட ஏராளத்துக்குக் காரணம் இதுதான். உங்கள் கையில் இருப்பதில் அந்தப் பெயர் இருப்பதால் மட்டும் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. பெயர் பொய்யாக இருந்தாலும் பொருள் பொய்யாகிவிடாது.

ஆகையால் கையொப்பத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு நடுத்துளையைப் பாருங்கள். அதை நகாகோ-அனா என்பார்கள். வாளின் அடித்தண்டு அதன் வழியாகத்தான் கைப்பிடிக்குள் செல்லும். ஒரு வாளிலிருந்து கழற்றி இன்னொரு வாளில் பொருத்தும்போது துளை அளவு ஒத்துவராது. பெரிதாக இருந்தால் மேலும் கீழும் சிறு செம்புத் துண்டுகளைச் செருகி, அலகின் அளவுக்கு அரத்தால் ராவுவார்கள். இவற்றுக்கு செகிகானே என்று பெயர். இரும்போடு இரும்பு உரசாமல் அலகின் அடிப்பகுதியைக் காப்பதும் இந்தச் செம்பின் வேலைதான். கொஞ்சம் தளர்வாக இருந்தால் துளையின் ஓரத்தைச் சுற்றி உளியால் அடித்து உலோகத்தை உள்நோக்கி நெருக்குவார்கள். அந்த அடிச்சுவடுகள் மழுங்கிய புள்ளிகளாகவோ கோடுகளாகவோ நிற்கும். துளையைச் சுற்றியுள்ள நீள்வட்டப் பகுதி செப்பா-தாய். அங்கே செப்பா என்ற மெல்லிய உலோக வளையம் இறுக்கமாக உட்கார்ந்திருந்த தடம், சுற்றுப்புறத்திலிருந்து சற்றே வேறுபட்ட நிறமாகவோ ஒரு மெல்லிய எல்லைக் கோடாகவோ தெரியலாம். நூறாண்டுகள் வாளில் இருந்த ட்சுபாவில் இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கும் என்று எதிர்பார்ப்பேன்.

அடுத்து, செதுக்கிய இடைவெளிகளின் உட்சுவர்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி போதும். கையால் செய்தவர் முதலில் துளையிட்டு, பிறகு அறுத்து, பிறகு அரத்தால் ராவித்தான் அந்த இடைவெளிகளை உண்டாக்கியிருக்க முடியும்; எவ்வளவு மெருகேற்றினாலும் மூலை முடுக்குகளில் அரத்தின் கீறல்கள் மிஞ்சும், அவை ஒரே திசையில் இராது. வார்ப்பில் அப்படியிராது. உட்சுவரின் நடுவே, இரு அச்சுப் பாதிகள் சேர்ந்த இடத்தில், நூல் போல ஒரு மேடு ஓடும். அதைத் தேய்த்து நீக்கியிருந்தாலும் எங்காவது ஒரு குறுகிய சந்தில் மிச்சம் இருக்கும். மேற்பரப்பில் ஊசி முனை அளவு குமிழிக் குழிகள் இருக்கும். எல்லா விளிம்புகளும் சோப்புக் கட்டி கரைந்தது போல ஒரே அளவில் மழுங்கியிருக்கும்.

தங்கத்தையும் அதே கண்ணாடியால் பாருங்கள். இரும்பின்மேல் தங்கத் தகட்டை ஒட்ட வைக்க ஜப்பானியர் பயன்படுத்திய எளிய வழி நுனோமே சோகான். நுனோமே என்றால் துணியின் நெசவு. இரும்பின் மேற்பரப்பில் கூரிய உளியால் குறுக்கும் நெடுக்குமாக மிக நெருக்கமான கோடுகளைக் கீறி, அந்தச் சொரசொரப்பின்மேல் தங்கத் தகட்டை வைத்துத் தட்டினால் கீறல்களின் பிசிறுகள் தகட்டைப் பற்றிக்கொள்ளும். தங்கம் தேய்ந்த இடத்தில் அந்த வலைப்பின்னல் வெளியே தெரியும். பழைய வேட்டியின் இழைகளைப் போலவே இருக்கும். தங்க வண்ணம் பூசப்பட்டதில் இது இராது.

நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல்பவர்களும் உண்டு. அடித்து உருவாக்கிய இரும்பு மணிபோல் நீண்டு ஒலிக்கும், வார்ப்பு மொட்டையாக ஒலிக்கும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் உங்களுடையதைப் போல நிறைய ஊடுருவச் செதுக்கி, பிற உலோகங்களைப் பதித்த ட்சுபாவில் அந்த ஒலியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

முகம் இல்லாத அந்தக் கிழவரைப் பற்றித்தான் நான் மிகவும் அறிய விரும்புகிறேன். அந்தக் குழியின் உட்புறம் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.


மறுமொழி 2: நடுப்பகல்

உலைக்கூடம் சொன்னதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன்; ஆனால் நடுத்துளையை அவ்வளவு பெரிய சாட்சியாக நிறுத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. வாளில் ஒருபோதும் பொருத்தப்படாத உயர்ந்த ட்சுபாக்கள் இருக்கின்றன. பிரபுக்களுக்குள் பரிசாகக் கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டவை பெட்டியிலேயே தங்கிவிட்டன. மறுபுறம், துளையின் ஓரத்தில் நான்கு உளியடி அடித்து, இரண்டு செம்புத் துண்டுகளைச் செருகுவது ஏமாற்ற நினைப்பவருக்கு அரை மணி நேர வேலை. எனவே தேய்மானம் இருந்தால் அது இயல்பான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இடப்பக்கத்தில் அரைநிலா வடிவில் ஒரு திறப்பு இருந்தால், அது உறையோடு செருகி வைக்கும் கோசுகா என்ற சிறு கத்தியின் பிடி நுழைவதற்கானது. வலப்பக்கம் மூன்று வளைவுகளுடன் இருந்தால் அது கோகாய் என்ற கூந்தல் ஊசிக்கானது. அடிக்கடி எடுத்துச் செருகிய திறப்பின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் வழுவழுப்பாகியிருக்கும். அதைப் போலியாகச் செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1876 மார்ச் 28 அன்று, ஷோகன்களுக்குப் பின் வந்த மெய்ஜி அரசு பொது இடங்களில் வாள் அணிவதைத் தடை செய்தது. வாளுக்கு அணிகலன் செய்து பிழைத்த நூற்றுக்கணக்கான பட்டறைகளுக்கு அதோடு வேலை இல்லாமல் போயிற்று. கானோ நாட்சுவோவைப் போன்ற பெருந்திறமை கொண்டவர்கள் தப்பித்தார்கள். அவர் ஏற்கெனவே புதிய அரசின் நாணயங்களுக்கு வடிவம் செதுக்கியவர், பின்னாளில் தோக்கியோ கலைப் பள்ளியில் பேராசிரியராகவும் ஆனார். மற்றவர்கள் பூச்சாடி, புகையிலைப் பெட்டி, ஆடை அணிகள் என்று ஏற்றுமதிக்குச் செய்தார்கள். கூடவே ட்சுபாவும் செய்தார்கள். இம்முறை வாளுக்காக அல்ல, கப்பலில் வந்திறங்கிய வெளிநாட்டவரின் கண்ணாடி அலமாரிகளுக்காக. அந்த வாடிக்கையாளருக்கு எது பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: நிறைய உருவங்கள், நிறையத் தங்கம், கதை சொல்லும் காட்சி. சோதென் பாணி அதற்கென்றே பிறந்தது போல இருந்தது. இவையும் கையால் செய்தவையே, சிலவற்றில் வேலைப்பாடு முதல்தரம். ஆனால் எந்தச் சாமுராயின் இடுப்பிலும் தொங்கியவை அல்ல. உங்கள் ட்சுபா இந்த வகையாக இருக்கக்கூடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் சொந்த ரசனையைச் சொல்லப்போனால், இப்படிக் கூட்டம் நிறைந்த ட்சுபாக்கள் எனக்குச் சற்றுத் திகட்டும். கியூஷூ தீவின் ஹிகோ நாட்டு இரும்பில் ஒரே ஒரு கொக்கு, அதுவும் இறகின் வளைவு மட்டும், அதைச் சுற்றி வெறும் இடைவெளி என்றிருப்பதைப் பார்த்தவர்கள் நான் சொல்வதைப் புரிந்துகொள்வார்கள். தேநீர்ச் சடங்கில் ஊறிய பிரபு ஹொசோகாவா தாதாஓகி ஆதரித்த மரபு அது. அடக்கம் அதன் உயிர். இது உங்கள் கேள்விக்கு விடையல்ல என்பது தெரியும், விட்டுவிடுங்கள்.

கையொப்பத்தை ஜப்பானிய மொழியில் 'மேய்' என்கிறார்கள். பொய்க் கையொப்பம் 'கிமேய்'. நாம் 'மெய்' என்று கேட்டுவிட்டு ஏமாறுவதற்கு வாகான சொல்.


மறுமொழி 3: வெண்கலமணி

மற்ற இருவரும் துருவைத் தொடவில்லை. நான் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதில் பட்ட அனுபவம் எனக்கு உண்டு.

என் முதல் ட்சுபா எளிய இரும்புத் தகடு. இரண்டு காட்டு வாத்துகளின் உருவம் ஊடுருவ வெட்டப்பட்டது. அதன்மேல் செந்துரு திட்டுத் திட்டாக இருந்தது. வீட்டில் இருந்த காடியில் ஓர் இரவு ஊறவைத்து, காலையில் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். துரு போய்விட்டது. அதோடு 200 ஆண்டுகளாக அந்த இரும்பின்மேல் படிந்திருந்த கரும்பழுப்பு நிறமும், கையில் எடுத்தால் மெழுகு பூசியது போல் தோன்றும் அந்த மங்கிய ஒளியும் போய்விட்டன. மிஞ்சியது சாம்பல் நிறத்தில், புதிதாகத் தேய்த்த தோசைக்கல்லைப் போன்ற ஒரு தகடு. இரண்டே நாளில் மறுபடியும் துருப்பிடித்தது, இம்முறை முழுப்பரப்பிலும்.

இரும்பு ட்சுபாவில் கரும்பழுப்புத் துரு எதிரி அல்ல. அதுவே அதன் தோல். செய்தவரே பதப்படுத்தி வரவழைத்தது; பிறகு காலமும் கைகளும் அதை ஆழப்படுத்தின. செந்நிறத்தில், பொடியாக உதிர்வதுதான் தொடர்ந்து அரிப்பது. வெள்ளைப் பருத்தித் துணியால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் செம்மண் நிறம் ஒட்டினால் அது உயிருள்ள துரு. ஒன்றும் ஒட்டாவிட்டால் அதைத் தொடாதீர்கள்.

நீக்க வேண்டியிருந்தால் ஜப்பானியச் சேகரிப்பாளர்கள் காலங்காலமாகச் செய்துவரும் முறை, எலும்பையோ மான்கொம்பையோ கூராகச் சீவி அதனால் சுரண்டுவது. எலும்பு செந்துருவை விடக் கடினமானது, அடியிலுள்ள கருந்தோலை விட மென்மையானது. எனவே மேலே உள்ளது பொடியாகிக் கழன்றுவிடும், கீழே உள்ளது தப்பிவிடும். நாளுக்குப் பத்து நிமிடம், பிறகு துணியால் துடைப்பது, மறுநாள் மறுபடியும். மாதக் கணக்கில் ஆகும். அவசரப்படுபவர் இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிட்டுத் தபால்தலை சேர்க்கலாம்.

ஆனால் உங்கள் ட்சுபாவில் இதை விளிம்பின் கீழ்ப்பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நுனோமே தங்கத்தின் அருகில் எலும்பைக் கொண்டு போகாதீர்கள். வலைப்பின்னலின் பிசிறுகள் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும் தங்கம் அது, ஒரு தவறான இழுப்பில் உரிந்து வந்துவிடும். வெள்ளி முகத்தையும் துடைக்காதீர்கள். உங்களிடம் ஷாகுதோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. அது செம்பில் சிறிதளவு தங்கம் கலந்த உலோகம். பச்சைக் களிம்பு உப்பும் செம்பு உப்பும் கரைத்த நீரில் கொதிக்க வைத்தால், காக்கையின் இறகில் தெரியும் நீலங்கலந்த கருமை அதன்மேல் வரும். அந்தக் கருமை வெறும் மேல்தோல். மெருகுப் பொடி தொட்டால் அடியிலுள்ள செம்பு சிவப்பாக எட்டிப் பார்க்கும். அதைச் சரிசெய்வது வீட்டில் நடக்கிற காரியமல்ல.


கீழ்வானம் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. நேற்று இரவு கண்ணாடியும் மேசை விளக்கும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். படம் எடுக்கவும் முயன்றேன். என் கைப்பேசி அந்தக் கருமையை விழுங்கிவிட்டு விளக்கின் ஒளியை மட்டும் காட்டுகிறது. எனவே கண்டதை எழுதிவிடுகிறேன்.

நடுத்துளையின் கீழ்முனையில் ஒரு செம்புத் துண்டு இருக்கிறது. மேல்முனையில் இல்லை, ஆனால் அங்கே ஒரு செவ்வகப் பள்ளம் இருப்பதால் முன்பு ஒன்று இருந்து விழுந்திருக்க வேண்டும். துளையின் இருபுறமும் உளியடி ஒன்றும் தென்படவில்லை. செப்பாவின் தடம் இருக்கிறதா என்பதில் எனக்கு உறுதியில்லை. ஒரு கோணத்தில் ஒளி விழும்போது நீள்வட்டமாக ஒரு கோடு தெரிகிறது, இன்னொரு கோணத்தில் மறைந்துவிடுகிறது. பார்க்க வேண்டும் என்ற ஆசையால் பார்க்கிறேனோ என்னவோ.

இடப்பக்க அரைநிலாத் திறப்பு இருக்கிறது. அதன் ஓரங்களில் குறிப்பிடத்தக்க தேய்மானம் இல்லை; கூராகவே இருக்கின்றன. நடுப்பகல் அவர்கள் எச்சரித்தது இதைத்தான் என்று புரிகிறது.

பைன் மரத்தின் கிளைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் அரத்தின் கீறல்கள் தெளிவாக உள்ளன, பல திசைகளில். நடுவே ஓடும் மேடு எங்கும் இல்லை. ஊன்றுகோல் கிழவரின் தோளில் தங்கம் பாதி தேய்ந்திருக்கிறது. அங்கே உலைக்கூடம் அவர்கள் சொன்ன நெசவு அப்படியே தெரிகிறது. அதைக் கண்ட கணத்தில் நான் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் எழுந்து நடந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி அந்தக் குழி. அது கடுகின் அளவுதான். வாய் குறுகலாகவும் அடி அகலமாகவும் இருக்கிறது. ஓரம் உள்நோக்கிச் சற்றே வளைந்து நிற்கிறது. அடிப்பரப்பில் இரண்டு மூன்று கோடுகள், உளியின் முனையால் குத்தியது போல. இதன் பொருள் என்ன?

துணிச் சோதனையும் செய்தேன். விளிம்பின் கீழே ஒரு விரல்கடை நீளத்துக்கு மட்டும் செம்மண் நிறம் ஒட்டியது.


மறுமொழி 4: உலைக்கூடம்

அந்தக் குழியே உங்கள் முதல் கேள்விக்கான விடை. இரும்பில் ஒரு வெள்ளி முகத்தை நிலையாகப் பதிக்க வேண்டுமானால், முதலில் அடி அகன்று வாய் குறுகிய பள்ளத்தைத் தோண்ட வேண்டும். அதில் வெள்ளித் துண்டை வைத்து மேலிருந்து தட்டினால் மென்மையான வெள்ளி பரந்து அந்த அகன்ற அடியை நிரப்பும். பிறகு சுற்றியுள்ள இரும்பின் உதட்டைத் தட்டி உள்நோக்கி மூடினால் அது வெளியேற வழியில்லை. அதன் பின்புதான் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளியைச் செதுக்கிக் கண்ணும் மூக்கும் தாடியும் ஆக்குவார்கள். அடியில் நீங்கள் கண்ட குத்துக் கோடுகள் பிடிப்புக்காக இடப்பட்டவை. கடுகளவு இடத்தில் இவ்வளவையும் செய்தவர் அச்சில் வார்த்து விற்றவராக இருக்க முடியாது. இது கையால் செய்தது, பயிற்சி பெற்றவர் செய்தது.

வாளில் இருந்ததா என்பதில் சான்று பிளவுபட்டு நிற்கிறது. செம்புத் துண்டு 'ஆம்' என்கிறது. கூரான அரைநிலா 'இல்லை' என்கிறது. சிறு கத்தி இல்லாத வாளில் பொருத்தியிருந்தால் அந்தத் திறப்பு தேய்ந்திருக்காது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். செப்பாவின் தடத்தைப் பற்றி நீங்கள் எழுதிய நேர்மையான தயக்கத்தை நானும் பகிர்ந்துகொள்கிறேன். என் ஊகம், 19ஆம் நூற்றாண்டில் ஹிகோனேப் பாணியில் செய்யப்பட்டது, சோதென் கையால் அல்ல. 35,000 யென்னுக்கு நீங்கள் ஏமாறவில்லை. உண்மையான சோதெனைத் தகரப் பெட்டியில் கண்டெடுக்கவும் இல்லை.

மதிப்பீட்டைப் பற்றி. நீங்கள் குறிப்பிடுவது 1948இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கமாக இருக்க வேண்டும். அதன் வாள் அருங்காட்சியகம் 2018 முதல் தோக்கியோவின் ர்யோகோகு பகுதியில் இயங்குகிறது. அவர்கள் தரும் சான்றிதழ்களில் அடிப்படை நிலை ஹொசோன், அதாவது பாதுகாக்கத் தக்கது; அதற்கு மேல் தொக்குபெட்சு ஹொசோன், அதாவது சிறப்பாகப் பாதுகாக்கத் தக்கது; அதற்கும் மேலே ஜூயோ (முக்கியமானது), தொக்குபெட்சு ஜூயோ (சிறப்பு முக்கியமானது). கையொப்பம் பொய் என்று முடிவு செய்தால் பெரும்பாலும் சான்றிதழ் இல்லாமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேலைப்பாடு நன்றாக இருந்து, கையொப்பத்தை மட்டும் உறுதிசெய்ய முடியாதபோது, 'என்று பொறிப்பு உள்ளது' என்ற சொற்களோடு சான்றிதழ் தருவதும் உண்டு. நாங்கள் படித்தோம், பொறுப்பேற்கவில்லை என்பதன் நயமான வடிவம் அது. விற்கும் எண்ணம் இல்லையென்றால் உங்கள் ட்சுபாவுக்கு அந்தச் செலவு தேவையில்லை என்பது என் கருத்து. 1982க்கு முந்தைய 'கிச்சோ' வகைப் பழைய சான்றிதழோடு யாராவது இன்னொன்றை விற்க வந்தால், அந்தத் தாளுக்கென்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள். அந்த முறையே கைவிடப்பட்டுவிட்டது.

இன்னொரு நடைமுறைச் செய்தி: வாளின் அலகுக்குத்தான் ஜப்பானில் பதிவுச் சான்று கட்டாயம். தனி ட்சுபா ஆயுதம் அல்ல. அதை வாங்கவும் வைத்திருக்கவும் எந்தப் பதிவும் வேண்டியதில்லை.


மறுமொழி 5: நடுப்பகல்

குழியைப் பற்றிய விளக்கத்துக்குப் பின் என் ஐயத்தில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். மீதிப் பாதி நிற்கிறது: ஏற்றுமதிக்காகச் செய்தவர்களும் இதே பயிற்சி பெற்றவர்களே. 1876க்கு முன்னா பின்னா என்பதை இந்த ஒரு பொருளை வைத்து யாராலும் அறுதியிட முடியாது. கடைக்காரர் 'எடோ காலம்' என்று இரண்டு முறை சொன்னது போதாமல் மூன்றாவது முறையும் சொல்லியிருந்தாலும் அப்படித்தான்.

ஒரு வழி இருக்கிறது. அந்தக் கையொப்பத்தை, ஐயத்துக்கு இடமில்லாத சோதென் கையொப்பங்களின் படங்களோடு கோடு கோடாக ஒப்பிடுங்கள். எழுத்தின் வடிவத்தைப் பார்க்காமல், உளி எங்கே ஊன்றி எங்கே விலகுகிறது என்பதைப் பாருங்கள். தன் பெயரை ஆயிரம் முறை பொறித்தவனின் உளி தயங்காது. மற்றவனுடைய பெயரைப் பார்த்துப் பொறிப்பவன் நீண்ட கோட்டின் நடுவே ஒரு முறையாவது நின்றிருப்பான். கண்ணாடியில் அந்த இடம் படிக்கட்டு போலத் தெரியும்.


கீழ்வானம்

பார்த்தேன். ந்யூதோ என்பதன் முதல் எழுத்து இரண்டே கோடுகள். வலப்புறம் சரியும் நீண்ட கோட்டில் மூன்று படிகள் இருக்கின்றன.

வருத்தமில்லை என்று சொன்னால் முழு உண்மையாகாது; ஆனாலும் அந்தப் படிகளைக் கண்ட பிறகு, யாரோ ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டை இழுத்தது கண்முன் வருகிறது. ஒரு கேள்வி மட்டும் மிச்சம். முகம் இழந்த கிழவருக்குப் புதிதாக வெள்ளி முகம் பதித்துத் தருவதாக ஒரு கைவினைஞர் சொல்கிறார். செய்யலாமா?


மறுமொழி 6: வெண்கலமணி

வேண்டாம். அந்த இரும்பின் உதட்டை மறுபடி திறந்து மூடாமல் புதிய முகத்தை வைக்க முடியாது. திறந்தால் பக்கத்திலுள்ள தங்கமும் அசையும். தவிர, இது கையால் செய்தது என்று நீங்கள் நம்புவதற்கு இருந்த மிகத் தெளிவான காரணம் அந்தக் குழிதான்; அதையே அடைத்துவிட்டால் அடுத்து வாங்குபவர் எதைப் பார்த்து நம்புவார்?

கிரி எனப்படும் பவுலோனியா மரத்தில், நடுவே முளையும் பஞ்சு மெத்தையும் வைத்துச் செய்த ட்சுபாப் பெட்டிகள் ஜப்பானில் எளிதாகக் கிடைக்கும். ஒன்று வாங்கி அதில் வையுங்கள். தோல், ரப்பர், செய்தித்தாள் ஆகிய எதிலும் சுற்றாதீர்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள். வியர்த்த கையோடு எடுக்காதீர்கள். ஜூன் மாதத்தில் ட்சுயு மழை தொடங்கியதும் வாரம் ஒரு முறை அந்த விரல்கடை நீளத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே திரும்பி வந்தால் எலும்பை எடுக்கவே வேண்டாம்.